வீஸ்லர் மாதிரி ஒரு ஆள் இருந்ததே இல்லை

கிழக்கு ஜெர்மனியைப் பற்றிப் பேச்சு வந்தால் எல்லாரும் கைகாட்டுவது 2006இல் வந்த ‘தி லைவ்ஸ் ஆஃப் அதர்ஸ்’ படத்தைத்தான். ஆஸ்கர் வாங்கியது, நடிகர் உல்ரிஷ் மூஹேயின் முகத்துக்காகவே பார்க்கலாம். ஆனால் அந்த நாடு இப்படித்தான் இருந்தது என்று அதைச் சாட்சிக்கு அழைக்கும்போது எனக்கு ஒப்பவில்லை.

படத்தில், கிழக்கு ஜெர்மனியின் ரகசியப் போலீசான ஸ்டாசியின் அதிகாரி வீஸ்லர் ஒரு நாடக ஆசிரியரின் வீட்டில் மைக் பதித்து, பரணில் உட்கார்ந்து ஒட்டுக்கேட்கிறார்; மனசு இளகி, பொய் அறிக்கை எழுதி அவரைக் காப்பாற்றுகிறார். ஸ்டாசி வேலை செய்த விதத்தில் இதற்கு இடமே கிடையாது. மைக்கும் ஒட்டுக்கேட்பும் 26ஆம் பிரிவு. தெருவில் பின்தொடர்வது 8ஆம் தலைமைப் பிரிவு. கடிதம் பிரிப்பது ‘எம்’ பிரிவு. கலைஞர்களின் கோப்பு 20ஆம் தலைமைப் பிரிவில். கேட்பவர் ஒருவர், கோப்பை நடத்துபவர் வேறொருவர். ஒருவர் மறைத்தால் இன்னொருவர் காகிதம் காட்டிக்கொடுத்துவிடும். ஸ்டாசியின் பழைய சிறையான ஹோகன்ஷோன்ஹவுசன் நினைவகத்தின் அப்போதைய இயக்குநர் ஹூபெர்ட்டுஸ் க்னாபே அங்கே படம்பிடிக்க அனுமதி மறுத்ததும் இதனால்தான்: இப்படி நடந்துகொண்ட ஸ்டாசிக்காரர் ஒருவரும் இல்லை என்றார்.

1989இல் ஸ்டாசியில் முழுநேர ஊழியர் சுமார் 91,000 பேர். சம்பளப் பட்டியலுக்கு வெளியே இருந்த ஆள்காட்டிகள் 1,80,000க்கும் மேல். பயமே அங்கேதான், பக்கத்து மேசையில்.

அந்தப் பயத்தைச் சரியாகக் காட்டிய படம் கிறிஸ்டியன் பெட்சோல்டின் ‘பார்பரா’ (2012). நாட்டைவிட்டு வெளியேற விண்ணப்பித்த பெர்லின் டாக்டரை 1980இல் ஒரு சிற்றூர் மருத்துவமனைக்குத் தள்ளிவிடுகிறார்கள். முதல் காட்சியில் அவள் பெஞ்சில் உட்கார்ந்து சிகரெட் பிடிக்கிறாள். மேலே ஜன்னலில் ஸ்டாசிக்காரரும், அவளோடு வேலை பார்க்கப்போகும் டாக்டரும். அந்த நல்ல டாக்டர்தான் அவளைப் பற்றி அறிக்கை எழுதவேண்டியவர். படத்துக்குச் சாம்பல் நிறம் பூசவும் இல்லை. வெயில், மரம், காற்று எல்லாம் இருக்கிறது, மூச்சு மட்டும் முட்டுகிறது. (‘லைவ்ஸ்’ இயக்குநர் டானர்ஸ்மார்க் மேற்கு ஜெர்மனியில் பிறந்தவர், அதுதான் கோளாறு என்று சொல்லித் தப்பிக்காதீர்கள். பெட்சோல்டும் மேற்குதான்.)

இன்னும் கறாரானது ஆண்ட்ரியாஸ் ட்ரேசனின் ‘குண்டர்மான்’ (2018). லவுசிட்ஸ் நிலக்கரிச் சுரங்கத்தில் ராட்சத எந்திரம் ஓட்டிய பாடகர் கெர்ஹார்ட் குண்டர்மானின் நிஜக் கதை. சோஷலிசத்தை மனசார நம்பி ஆள்காட்டியானவர். பிறகு அவரையே வேவு பார்த்தார்கள். பெர்லின் சுவர் விழுந்தபின் பழைய அறிக்கைகள் வெளிவரும்போது பலதும் அவருக்கே நினைவில்லை. மன்னிப்புக் கேட்கவும் மாட்டார், தன்னை மன்னித்துக்கொள்ளவும் முடியாது.

1970களுக்கும் 1990களுக்கும் மாறி மாறித் தாவும் படம், முதல் அரைமணி குழப்பும்; பொறுத்துக்கொள்ளுங்கள். நடிகர் அலெக்சாண்டர் ஷேரே பாடியிருக்கிறார். பாட்டு வரிகளுக்கும் சப்டைட்டில் உள்ள பிரதியாகத் தேடிப் பாருங்கள், பாதிக் கதை அதில்தான் இருக்கிறது.