ஆற்றல் அவளுடையது, அதிகாரம் யாருடையது?

இருட்டுச் சந்துக்குள் தனியாக நுழையும் இளம்பெண் திகில் கதைகளில் உயிரோடு திரும்புவது அரிது. 1997 மார்ச்சில் அமெரிக்கத் தொலைக்காட்சியில் தொடங்கி, 2003 வரை 144 அத்தியாயங்கள் ஓடிய ‘பஃபி தி வாம்பயர் ஸ்லேயர்’ அந்தப் பெண்ணையே வேட்டைக்காரியாக்கியது. அதைக் கொண்டாடுபவர்கள் பெரும்பாலும் அவளுடைய உதைகளைப் பற்றியே பேசுகிறார்கள். பலம் படைத்த ஒரு பெண்ணை ஆட்டுவிப்பவர் யார் என்ற கேள்வியை அத்தொடர் விடாமல் துரத்தியதையே நான் பெரிதாக எண்ணுகிறேன்.

ரத்தக்காட்டேரிகளை வேட்டையாடத் தலைமுறைக்கு ஒருத்திதான் தேர்ந்தெடுக்கப்படுவாள் என்பது கதையின் விதி. அவளைப் பயிற்றுவிக்கவும் கட்டுப்படுத்தவும் இங்கிலாந்தில் ஒரு கண்காணிப்பாளர் மன்றம் இருக்கிறது. பஃபிக்குப் பதினெட்டு வயது நிறையும் வேளையில், அவளுக்கே தெரியாமல் மருந்து செலுத்தி அவளுடைய பலத்தைக் குன்றச்செய்து, ஒரு ரத்தக்காட்டேரியோடு மோதவிட்டுச் சோதிக்கிறது அந்த மன்றம். ஊசியைப் போடுபவரோ அவள் தந்தையைப் போல் நம்பிய அவளுடைய கண்காணிப்பாளர் ஜைல்ஸ். வேறெந்தப் பேயும் என்னை அந்த அளவுக்கு அச்சுறுத்தியதில்லை.

இறுதி அத்தியாயத்தில் அவள் அந்த விதியையே உடைக்கிறாள். எப்போதோ செத்துப்போன சில ஆண்கள் வகுத்த விதிக்கு ஏன் கட்டுப்பட வேண்டும் என்று கேட்டு, தோழி வில்லோவின் மந்திரத் துணையோடு, தகுதி பெறக் காத்திருந்த பெண்கள் அனைவருக்கும் தன் ஆற்றலைப் பகிர்ந்தளிக்கிறாள். பின்னாளில் வந்த தொடர்கள் பலவும் அவளுடைய சண்டையை எடுத்துக்கொண்டன. இந்தப் பகிர்வை எடுத்துக்கொண்ட தொடர் எதுவும் என் நினைவுக்கு வரவில்லை.

விளக்க முடியாத வழக்குகளைத் துப்பறியும் எஃப்.பி.ஐ. அதிகாரிகளின் கதையாக 1993இல் தொடங்கிய ‘தி எக்ஸ் ஃபைல்ஸ்’ தொடரின் டானா ஸ்கல்லிக்கு மந்திரமும் இல்லை, உதையும் இல்லை. சக அதிகாரியின் நம்பிக்கைகளை மறுத்து அறிக்கை எழுத மேலதிகாரிகள் அனுப்பிவைத்த மருத்துவர் அவர். ஆனால் அவர்கள் விரும்பியதை எழுதித் தரவில்லை, தாம் கண்டதையே எழுதினார். அறிவியல் துறைக்குப் பெண்களை ஈர்த்ததில் அவருக்குப் பங்குண்டு என்று 2018இல், ஊடகங்களில் பெண்கள் காட்டப்படும் விதத்தை ஆராயும் ஜீனா டேவிஸ் நிறுவனத்தின் ஆய்வு ஒன்று கூறியது. (தொடருக்கு உரிமையுடைய குழுமமும் அந்த ஆய்வில் இணைந்திருந்தது என்பதை நினைவில் கொண்டே அதைப் படிக்க வேண்டும்.)

திரைக்குப் பின்னால் கதை வேறாக இருந்தது. ஸ்கல்லியாக நடித்த கில்லியன் ஆண்டர்சனுக்குத் தொடக்கத்தில் உடன் நடித்த ஆணைவிடக் குறைந்த ஊதியமே தரப்பட்டது. 2016இல் தொடர் மீண்டும் வந்தபோதும் பாதித் தொகையைத்தான் முதலில் பேசினார்கள் என்று அவரே சொன்னார். பஃபி தொடரின் நடிகை கரிஸ்மா கார்ப்பென்டர், படைப்பாளர் ஜாஸ் வீடன் தம்மைப் படப்பிடிப்பில் மோசமாக நடத்தியதாக 2021இல் குற்றஞ்சாட்டினார். அதற்குப் பிறகு அந்த ஊசிக் காட்சியை மறுபடியும் பார்த்தேன். இம்முறை மன்றத்தின் உறுப்பினர்கள் எனக்குக் கற்பனை மனிதர்களாகத் தெரியவில்லை.