சின்ன டாக்டருக்கு ஒரு ரூம் கொடுத்தால் போதுமா?

நம்ம சேலத்தில் குடும்ப மருத்துவம் படிக்கும் இளம் டாக்டர்களைத் தங்கள் கிளினிக்கில் சேர்த்துக்கொள்ள நினைப்பவர்களுக்கு முதலில் ஒரு கணக்கு. காலை ஓபி 9 முதல் 1 வரை. ஆளுக்கு 6 நிமிஷம் என்றால் சீனியருக்கு, அதாவது கிளினிக்கின் பெரிய டாக்டருக்கு, 40 டோக்கன். புதிதாக வந்தவர் முதல் இரண்டு மாதம் ஒருவருக்கு அரை மணி நேரம் எடுப்பார், எடுக்கவும் வேண்டும். ஆக 8 பேர். அவர் சந்தேகம் கேட்க வருவதற்காக சீனியர் மணிக்கு 2 டோக்கன் காலியாக விட வேண்டும். அங்கே 8 போச்சு. வரவும் செலவும் சரி, கையில் ஒன்றும் நிற்காது.

அந்த 8 டோக்கனை விட மனசில்லை என்றால் ஆளே எடுக்காதீர்கள். “பக்கத்து ரூம்லதான் இருக்கேன், எப்ப வேணா வாங்க” என்று சொல்வது சுலபம். வெளியே பெஞ்சு நிறைய ஆள் உட்கார்ந்திருக்கும்போது எந்தச் சின்ன டாக்டர் வந்து கதவைத் தட்டுவார்? தட்டாமல் எழுதிய சீட்டில்தான் தப்பு வரும். மூன்றாம் மாதம் 20 நிமிஷம், ஆறாம் மாதம் 15 என்று இறக்கலாம். அதற்கு முன் அவசரப்படுத்தினால் கழுத்தில் ஸ்டெத் மாட்டிய கம்பவுண்டர்தான் மிஞ்சுவார்.

குடும்ப மருத்துவத்தில் டிஎன்பி என்ற மேற்படிப்பு 3 வருஷம், டிப்ளமோ 2 வருஷம். வார்டில் எவ்வளவு கற்றாலும் அங்கே வருவது ஏற்கெனவே சலித்தெடுத்த காய்ச்சல். கிளினிக்குக்கு வருவது இரண்டாம் நாள் காய்ச்சல்: பிளேட்லெட் இறங்கியிருக்காது, டைஃபாய்டுக்கான விடால் ரத்த டெஸ்ட் எடுத்தும் பிரயோஜனமில்லை. ஏற்காட்டில் காபித் தோட்ட வேலைக்குப் போகிறவருக்குக் காய்ச்சல் என்றால் ஸ்க்ரப் டைபஸ் (புதர்களில் இருக்கும் சின்னப் பூச்சி கடித்து வரும் நோய்) நினைவுக்கு வர வேண்டும். அக்குள், தொடையிடுக்கு, அரைஞாண் கயிறு படும் இடம், மார்பகத்துக்கு அடியில், வலிக்காத கறுத்த பொருக்கு ஒன்று இருக்கலாம். (இல்லாவிட்டால் நோயே இல்லை என்றும் ஆகாது.) துணியை விலக்கிப் பார்க்காமல் அது கண்ணில் படாது. 6 நிமிஷ ஓபியில் நாம் விலக்கிப் பார்ப்பதில்லை, அரை மணி நேரம் கையில் இருப்பவர் பார்ப்பார்!

“பெரிய டாக்டர் இல்லீங்களா?” என்ற கேள்வி டோக்கன் மேஜையிலேயே வரும். “இருக்காங்க, இவங்க முதல்ல பார்ப்பாங்க, உங்களுக்குச் சம்மதமா?” என்று கேட்க அங்கே உட்காரும் பெண்ணுக்குச் சொல்லிக்கொடுங்கள். முதல் வாரம் சேர்ந்து பார்க்கும்போது மேஜை நாற்காலியில் பயிற்சி டாக்டர் உட்காரட்டும். சீனியர் நோயாளியின் முதுகுப் பக்கம், வாயை மூடிக்கொண்டு. எதிரே உட்கார்ந்தால் எல்லா பதிலும் உங்களைப் பார்த்துத்தான் வரும்.

சந்தேகத்தோடு வந்தால் உடனே விடை சொல்லாதீர்கள். “நீங்க என்ன நினைக்கிறீங்க? எதை வச்சு? எதைத் தவற விடக்கூடாது?” இதைக் கேட்டபின் ஒரே ஒரு விஷயம் கற்றுக்கொடுங்கள். சரியாகச் செய்ததைச் சொல்லிவிட்டுப் பிறகு திருத்துங்கள். நோயாளி முன்னால் திருத்த வேண்டாம்.

சந்தேகம் இல்லாவிட்டாலும் சின்ன டாக்டர் சீனியரைக் கூப்பிட வேண்டியவை சில உண்டு. மூன்று மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்குக் காய்ச்சல், கர்ப்பிணிக்கு 140/90 அல்லது அதற்கு மேல், நெஞ்சுவலி (ஈசிஜி 10 நிமிஷத்துக்குள்), ஒரே தொந்தரவுக்கு மூன்றாம் முறை வந்தவர். இதைச் சுவரில் ஒட்டிவிடுங்கள்.

சிரப் எழுதும்போது நடக்கும் தப்பு தனி ரகம். பாரசிட்டமால் 5 மில்லியில் 125 மி.கி. உள்ளதும் உண்டு, 250 உள்ளதும் உண்டு. சொட்டு மருந்தில் 1 மில்லிக்கே 100. கிலோவுக்கு 15 மி.கி. வீதம் 10 கிலோ குழந்தைக்கு 150. அது முதலாவதில் 6 மில்லி, இரண்டாவதில் 3, சொட்டில் ஒன்றரை. “5 மில்லி” என்று மட்டும் எழுதினால் மருந்துக்கடைக்காரர் எடுத்துக் கொடுப்பதுதான் டோஸ். குழந்தையின் எடை, மருந்தின் பலம், மில்லி மூன்றும் சீட்டில் இருக்கிறதா என்று முதல் மாதம் தினமும் பாருங்கள்.

சாயங்காலம் 20 நிமிஷம் ஒதுக்கி மூன்று கேஸ் ஷீட்டைக் கண்ணை மூடி உருவுங்கள். அவரையே எடுக்கச் சொன்னால் நன்றாகப் பார்த்ததைத்தான் எடுத்து வருவார். “இதே ஆளுக்கு வயசு 60, சுகரும் இருந்தா என்ன பண்ணியிருப்பீங்க?” என்று மாற்றி மாற்றிக் கேளுங்கள். “குறையலேன்னா வாங்க” என்று எழுதியிருந்தால் அங்கேயே நிறுத்துங்கள். 20 கொண்டை ஊசி வளைவு இறங்கி, ஒரு நாள் கூலியை விட்டு வருகிறவருக்கு எந்த அறிகுறி, எத்தனை நாளில், இங்கேயா ஏற்காடு அரசு மருத்துவமனைக்கா என்று தெளிவாகச் சொல்ல வேண்டாமா?

அப்புறம் ஊசி. சளிக்கு ஊசி வேண்டாம் என்று சின்ன டாக்டர் பொறுமையாக விளக்கி அனுப்ப, அதே ஆள் உங்கள் ரூமுக்கு வந்து கேட்டதும் நீங்கள் போட்டுவிட்டால், மூன்று மாதம் சொல்லிக்கொடுத்தது ஒரு குத்தில் போச்சு.

கடைசியாக ரிப்போர்ட். டெஸ்ட் எழுதியவர் அடுத்த வாரம் ஆஸ்பத்திரி போஸ்டிங் போய்விடுவார், ரிப்போர்ட் டிராயரில் தூங்கும். ஒரு 40 பக்க நோட்டு போதும்: தேதி, பெயர், டெஸ்ட், பார்த்தது யார், நோயாளிக்குச் சொன்னது என்ன. கடைசிக் கட்டம் காலியாக இருக்கும் வரிசைகளை சனிக்கிழமை சாயங்காலம் சீனியர் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும்.