டீமில் நாலு பெருசு வேண்டும்

2024 ஜூலையில் அமெரிக்கக் கூடைப்பந்து லீகான என்பிஏவில் டெட்ராய்ட் பிஸ்டன்ஸ் டீம், முப்பதைத் தாண்டிய டோபியாஸ் ஹாரிஸை இரண்டு வருடத்துக்கு 5 கோடியே 20 லட்சம் டாலர் பேசி எடுத்தபோது விழுந்து விழுந்து சிரித்தவர்களில் நானும் ஒருவன். "பழைய இரும்புக் கடையில் போய்ப் புதுச் சாமான் விலை கொடுத்திருக்கிறார்கள்" என்று எங்கள் வாட்ஸப் குரூப்பில் எழுதினேன். யாராவது தோண்டி எடுத்துப் போடுவதற்குள் நானே சொல்லிவிடுகிறேன். அப்போது எனக்கும் காரணம் இருந்தது. இரண்டு மாதம் முன்னால்தான் அவர் அதுவரை ஆடிய பிலடெல்ஃபியா டீம் நியூயார்க் நிக்ஸிடம் தோற்று, சீசன் கடைசியில் நடக்கிற நாக்-அவுட் சுற்றான பிளேஆஃபை விட்டு வெளியேறியது, அந்தக் கடைசி ஆட்டத்தில் மனிதர் எடுத்தது முட்டை. ஒரு புள்ளிகூட இல்லை.

டெட்ராய்ட் அப்போது கிடந்த நிலைமையும் தெரிந்ததுதான். 2023-24 சீசனில் 82 ஆட்டத்தில் 14 வெற்றி, நடுவில் வரிசையாக 28 தோல்வி. என்பிஏ சரித்திரத்தில் ஒரே சீசனுக்குள் அவ்வளவு நீளமாக யாரும் தோற்றதில்லை. இத்தனைக்கும் திறமைக்குப் பஞ்சமில்லை. டீம்கள் புது ஆட்களை வரிசையாகத் தேர்ந்தெடுக்கிற டிராஃப்டில் 2021இல் முதல் ஆளாக எடுத்த கேட் கன்னிங்ஹாம், ஜேலன் டியூரன், ஆசார் தாம்ப்சன், ஜேடன் ஐவி, எல்லாம் இருபது, இருபத்திரண்டு வயசுப் பையன்கள். கேட் பந்தை எடுத்துக்கொண்டு கூடைப் பக்கம் போனால் எதிரணியில் மூன்று பேர் வந்து மொய்த்துக்கொள்வார்கள், ஏனென்றால் வெளியே நிற்கிற பையன்கள் தூரத்திலிருந்து போட்டால் பாதி நேரம் உள்ளே போகாது என்று அவர்களுக்குத் தெரியும், அதனால் அவர்களைச் சும்மா விட்டுவிடலாம்.

அந்தக் கோடையில் ஹாரிஸோடு, லீகில் பல வருடம் ஆடிப் பழகிய பெருசுகளாக மாலிக் பீஸ்லியும் டிம் ஹார்டவே ஜூனியரும் வந்தார்கள், அடுத்த பிப்ரவரியில் டென்னிஸ் ஷ்ரோடர். பீஸ்லி மட்டும் அந்த சீசனில் தூரத்திலிருந்து போடுகிற மூன்று புள்ளி ஷாட் 300க்கு மேல் போட்டார். அவரை யார் சும்மா விடுவது? மொய்க்க வந்தவர்கள் கலைந்தார்கள், கேட்டுக்கு வழி கிடைத்தது. அதே கேட், அதே டியூரன், ஐவி புத்தாண்டு அன்று கால் உடைந்து உட்கார்ந்துவிட்டார், அப்படியும் 44 வெற்றி.

கோச் மாறியதை விட்டுவிட்டாயே என்பீர்கள். மான்டி வில்லியம்ஸ் போய் ஜே.பி. பிக்கர்ஸ்டாஃப் வந்தது பெரிய மாற்றம்தான், மறுக்கவில்லை. ஆனால் ஷாட் போடக் கிடைக்கிற 24 விநாடி ஓடிக்கொண்டிருக்கும்போது கோச் கோட்டுக்கு வெளியே நின்று கத்தத்தான் முடியும். உள்ளே ஒருவன் வேண்டும்.

இதைவிட நல்ல கேள்வி ஒன்று இருக்கிறது. அந்த 28 தோல்வி வருடத்திலும் டெட்ராய்டில் பெருசுகள் இருந்தார்களே? இருந்தார்கள். போயான் பொக்டானோவிச், ஆலக் பர்க்ஸ், ஜோ ஹாரிஸ். பொக்டானோவிச் காயத்தால் சீசனின் முதல் மாதம் முழுக்க ஆடவே இல்லை, அது ஒரு பக்கம். ஆனால் அவரும் பர்க்ஸும் எப்போது வேண்டுமானாலும் கைமாறிவிடுவார்கள் என்று ஊருக்கே தெரியும், பிப்ரவரியில் அதேபோல் இருவரையும் நிக்ஸுக்குத் தள்ளிவிட்டார்கள். ஷோகேஸில் வைத்த சரக்கிடம் போய் எந்தப் பையன் பாடம் கேட்பான்? வயசு மட்டும் போதாது. இந்த வீட்டு ஆள் என்ற நினைப்பு அவருக்கும் வேண்டும், பையன்களுக்கும் வேண்டும்.

எங்கள் கோர்ட்டுக்கு முட்டியில் நீகேப் போட்டுக்கொண்டு ஒரு அண்ணன் வருவார். ஓட்டமெல்லாம் இப்போது கிடையாது. நாங்கள் வரிசையாக நாலு பாயிண்ட் விட்டுவிட்டு ஒருத்தனை ஒருத்தன் திட்டிக்கொண்டு, ஆளாளுக்குத் தூரத்திலிருந்து ஷாட் எறிகிற நேரம் வருமே, அப்போது பந்தை வாங்கிக் கீழே வைத்துவிட்டுக் குனிந்து ஷூ லேஸ் கட்டுவார். மெதுவாக, இரண்டு முடிச்சு. நாங்கள் மூச்சு வாங்கிக்கொண்டு நிற்போம், கோபம் இறங்கியிருக்கும். லேஸ் அவிழவே இல்லை என்பது எனக்குப் புரிய ரொம்ப நாள் ஆனது.

2025 பிளேஆஃபில் நிக்ஸுக்கு எதிரான முதல் ஆட்டத்தில் எனக்கு அந்த அண்ணன் ஞாபகம்தான் வந்தது. ஹாரிஸ் அன்றைக்கு 25 புள்ளி, நான் கிண்டல் செய்த அதே ஆள், அதே நிக்ஸுக்கு எதிராக. டெட்ராய்ட் முன்னாலிருந்தது. அப்புறம் நாலாவது குவார்ட்டரில் நிக்ஸ் வரிசையாக 21 புள்ளி, இவர்கள் பூஜ்யம். பெருசுகள் இருந்தும் நடந்தது, மறைப்பானேன். லேஸ் கட்ட யாரும் குனியவில்லை.

இரண்டாவது ஆட்டம் நமக்குச் செவ்வாய்க்கிழமை விடிகாலை ஐந்து மணிக்கு. முன்னிலை மறுபடி கரைந்து 94-94. அடுப்பில் பால் பொங்குகிறது, நான் போனைக் கீழே வைக்கவில்லை. ஒரு நிமிடத்துக்கும் குறைவான நேரம் இருக்கும்போது ஷ்ரோடர் மூன்று புள்ளி ஷாட் போட்டார். 2023இல் ஜெர்மனிக்கு உலகக் கோப்பை வாங்கிக்கொடுத்த கேப்டனுக்கு நிக்ஸின் சொந்த அரங்கமான மேடிசன் ஸ்கொயர் கார்டன் கூச்சல் என்ன பெரிய விஷயம். 100-94. கேட் 33 புள்ளி எடுத்தார், ஜெயிக்கவைத்தது அவர்தான், ஆனால் அந்த ஒரு ஷாட்டை அவர் தலையில் கட்டாமல் தன் தலையில் போட்டுக்கொள்ள ஒரு ஆள் இருந்தார். பிளேஆஃபில் வரிசையாக 15 தோல்விக்குப் பிறகு, 2008க்கு அப்புறம் டெட்ராய்டுக்கு அதுதான் முதல் வெற்றி. தொடர் 4-2 என்று நிக்ஸுக்குப் போய்விட்டது, அது வேறு.

பெருசே வேண்டாம் என்று ஒரு டீம் பரிசோதனை செய்து பார்த்திருக்கிறது. 2015-16 பிலடெல்ஃபியா, முதல் 18 ஆட்டமும் தோல்வி, மொத்தம் 10 வெற்றி. கடைசியில் ஜனவரியில் 36 வயது எல்டன் பிராண்டைக் கூப்பிட்டார்கள். தாமதம்தான்.

மயாமி டீமின் உடோனிஸ் ஹாஸ்லமைப் பற்றிக் கேட்பீர்கள். கடைசி சீசனில் ரெகுலர் ஆட்டம் ஏழே ஏழு, 43 வயதுக்கு இரண்டு நாள் இருக்கும்போது ஃபைனல்ஸில் இறங்கி, ஃபைனல்ஸ் ஆடியவர்களிலேயே மூத்தவர் என்று பெயர் வாங்கினார். ஆடாமலே பெருசாக இருந்தவர். ஆனால் அந்த உரிமை ஒரே டீமில் 20 வருடம் இருந்து சம்பாதித்தது, கடையில் வாங்க முடியாது. டிராஃப்டில் யாரும் எடுக்காமல் வந்தவர் அவர். 2023 ஃபைனல்ஸ் மயாமியில் மேக்ஸ் ஸ்ட்ரூஸ், கேப் வின்சென்ட், டங்கன் ராபின்சன் என்று அதே மாதிரி வந்த பையன்கள் நிறைய.

2025 கோடையில் ஷ்ரோடரும் ஹார்டவேயும் டெட்ராய்டை விட்டுப் போனார்கள், ஹாரிஸ் இருந்தார். காலியான இடத்துக்கு டெட்ராய்ட் கொண்டுவந்தவர்களில் ஒருவர் இந்த டங்கன் ராபின்சன். அப்போது அவருக்கே 31 ஆகியிருந்தது. இந்த முறை குரூப்பில் நான் எதுவும் எழுதவில்லை.