பேரை அடித்தால்தான் கூடமா?

“அந்த வெளிமாநிலத்துக்காரங்க பேரையெல்லாம் அடிச்சுட்டு, லிஸ்ட்டைப் புதுசா எழுதிக் கொண்டாங்கக்கா. அப்புறம் பாக்கலாம்.”

இதுதான் கிடைத்த பதில். ஊர் மக்கள் ஒரு பங்கு போட்டால் மீதியை அரசு போடுகிற நமக்கு நாமே திட்டத்தில் ஒரு சமுதாயக் கூடம் வேண்டும் என்று மனு எழுதி, வீடு வீடாக ஏறி இறங்கிப் பணம் சேர்த்து, எஃப்எம்பி என்கிற நில அளவை வரைபடம், வில்லங்கச் சான்று, ஊராட்சித் தீர்மான நகல் என்று கேட்டதையெல்லாம் கேட்ட வரிசையில் வைத்துக் கொடுத்த பிறகு வந்த பதில். வயிறு எரிகிறது. ராத்திரி தூக்கம் வரவில்லை, அதனால்தான் இதை எழுதிக்கொண்டிருக்கிறேன்.

எங்கள் ஊர் திருப்பூரைச் சுற்றி இருக்கிற பனியன் ஊர்களில் ஒன்று. அங்கே யார் யார் குடியிருக்கிறார்கள் என்று உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. தறிக்காரர் வீட்டுக்குள் கன்னடம், பக்கத்து வளவில் தெலுங்கு, பேக்கரியில் மலையாளம், வரிசையாகக் கட்டி வாடகைக்கு விட்டிருக்கிற லைன் வீடுகளில் ஒடியாவும் இந்தியும். தேனி, மதுரைப் பக்கமிருந்து டைலர் வேலைக்கு வந்து இங்கேயே பிள்ளை குட்டிகளைக் கட்டிக்கொடுத்தவர்கள் பாதிப் பேர். இது ஒன்றும் புதுசும் இல்லை. இன்றைக்குக் கர்நாடகத்தில் இருக்கிற கொள்ளேகாலே 1956 வரைக்கும் கோயமுத்தூர் மாவட்டத்தில்தான் இருந்தது. கொங்கு நாட்டில் நாலு பாஷை கேட்காத சந்தையை யாராவது பார்த்ததுண்டா?

சரி, மனுவைக் கொடுத்த அந்த அரசு அலுவலக மேஜைக்கு வருகிறேன்.

போனது மூன்று பேர். நான், எங்கள் வீதிப் பெரியவர் ஒருவர், ஒரு கம்பெனியில் செக்கிங் பார்க்கிற ஒடியாத் தம்பி ஒருவர். அந்தத் தம்பிதான் லைன் வீடுகளில் பணம் வசூல் பண்ணிக் கொடுத்தவர். ஒரு நோட்டில் பேர், தொகை, கையெழுத்து என்று கோடு போட்டு எழுதியிருந்தார். ஒரு அடித்தல் திருத்தல் கிடையாது. எங்கள் மகளிர் குழுக் கணக்கு நோட்டுகூட அவ்வளவு சுத்தமாக இருக்காது.

மேஜையில் இருந்தவர் முதல் பக்கத்தைப் புரட்டினார். இரண்டாவதைப் புரட்டினார். பங்களிப்பு லிஸ்ட் வந்ததும் விரலை வைத்து மேலிருந்து கீழே இழுத்துக்கொண்டே வந்தார். ஒரு இடத்தில் நின்றார்.

“இது என்ன பேருங்கக்கா?”

“நம்ம வீதிதானுங்க. லைன் வீட்டுல இருக்கறாங்க.”

“ஆதார் எங்கீங்க இருக்குது?”

“கஞ்சாம் மாவட்டமுங்க. ஒடிசா.”

பேனாவை மூடி வைத்துவிட்டார். எழுந்து பக்கத்து மேஜைக்குப் போய்க் குனிந்து என்னமோ கேட்டார். அந்த மேஜைக்காரர் தலையே நிமிரவில்லை. “எதுக்கு வம்பு, எடுத்துரச் சொல்லு” என்றது எங்கள் மூன்று பேர் காதிலும் விழுந்தது. இவர் திரும்பி வந்து உட்கார்ந்து, பென்சிலை எடுத்து, அந்தப் பேர்களுக்கு நேராக ஓரத்தில் ஒவ்வொன்றாகக் கோடு போட ஆரம்பித்தார். வேலைக்கு வந்தவனைக் கூலி கொடுக்காமல் திருப்பி அனுப்புகிற மாதிரி இருந்தது அந்தக் கோடு ஒவ்வொன்றும்.

வெளிமாநிலத்து ஆள் பணம் கொடுக்கக் கூடாது என்று எந்த அரசாணையில் இருக்கிறது, காட்டுங்கள் என்று கேட்டேன். ஜி.ஓ. எல்லாம் மேலே இருக்கிறது என்றார். மேலே போனோம். இது கீழே இருக்கிற செக்‌ஷன் சமாச்சாரம், இங்கே ஏன் வந்தீர்கள் என்றார்கள். கீழே வந்தோம். அவர் டீ குடிக்கப் போய்விட்டார். எங்கள் பெரியவருக்கு முட்டி வலி. உட்கார ஒரு பெஞ்சு இல்லை, தண்ணீர் கேன் காலி. சுவரில் சாய்ந்து நின்றார் பாவம். டீ குடித்துவிட்டு வந்தவர் ஃபைலைத் திரும்பவும் முதல் பக்கத்திலிருந்து புரட்டினார். எங்களை முன்னே பின்னே பார்த்தே இராதவர் மாதிரி கேட்டார்.

“இந்த மண்டபம் எந்தச் சமூகத்துக்குங்கக்கா?”

“எல்லாத்துக்குமுங்க.”

“அப்படியெல்லாம் போட முடியாதுங்க. எஸ்.சி. ஏரியான்னா மக்கள் பங்கு அஞ்சுல ஒண்ணு, மத்ததுன்னா மூணுல ஒண்ணு. நீங்க எதுல வர்றீங்க?”

மூன்றில் ஒன்றுதான் கட்டுகிறோம் என்று முதல் பக்கத்திலேயே எழுதியிருக்கிறது. 30 லட்சம் எஸ்டிமேட்டுக்கு 10 லட்சம் எங்கள் பங்கு. சலுகை எதுவும் கேட்கவில்லை. இரண்டு வகையும் ஒரே வீதியில் இருக்கிறோம், ஒரே கூடத்துக்குள் வரப்போகிறோம், அதற்குத்தான் இந்தக் கூடமே. “யாராச்சும் ஒருத்தரு பேருல கேளுங்க, சீக்கிரமா ஆகும்” என்றார். நல்லது சொல்கிற தோரணையில்தான் சொன்னார். எனக்கு அதுதான் இன்னும் ஆற மாட்டேன் என்கிறது.

அடுத்து சொன்னதுதான் உச்சம். “இவங்கல்லாம் இன்னிக்கு இருப்பாங்க, நாளைக்குப் பொட்டியக் கட்டிட்டுப் போயிருவாங்க. இவங்களுக்கு எதுக்குங்கக்கா மண்டபம்?” பக்கத்தில் அந்தத் தம்பி நின்றுகொண்டிருக்கிறார். ஒரு அடி தூரம்.

“நான் வந்து 12 வருசமாச்சுங்க சார். புள்ள இங்க ஸ்கூல்லதான் படிக்குது” என்றார் தம்பி. நம்ம பேச்சு, நம்ம இழுவை.

அவரைத் திரும்பிப் பார்க்கவில்லை மேஜைக்காரர். என்னைப் பார்த்துத்தான் பேசினார். “தமிழ் நல்லாப் பேசறாருங்க.”

எனக்கு ரத்தம் தலைக்கு ஏறிவிட்டது. கத்தினேன். ஆமாம், அரசு அலுவலகத்தில் நின்றுகொண்டு கத்தினேன். அதில் எனக்கு ஒரு துளி வருத்தமும் இல்லை.

இதே தம்பி பகல் முழுக்க நின்று பார்த்துக் கட்டுகிற துணிதான் வெளிநாட்டுக்குப் போகிறது. சோப்பு வாங்கினாலும் செல்போன் ரீசார்ஜ் பண்ணினாலும் ஜிஎஸ்டி கட்டுகிறார். அந்தப் பணத்தை வாங்கும்போது ஆதார் எந்த மாவட்டம் என்று யாரும் கேட்பதில்லை. அவர் கொடுத்த ஆயிரம் ரூபாயை டிடியாக எடுத்துக் கலெக்டர் பேருக்குக் கொடுத்தால் மட்டும் ஆகாதா? அந்த எஸ்டிமேட்டிலேயே 18 சதவீதம் ஜிஎஸ்டி இருக்கிறது. அதாவது எங்கள் சொந்தக் காசைப் போட்டு, அரசு நிலத்தில், அரசுக்குச் சொந்தமாக ஒரு கட்டடம் கட்டிக் கொடுக்கிறோம். அதற்கும் வரி கட்டுகிறோம். அதற்குப் பிறகும் கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டும்.

2023 மார்ச் நினைவிருக்கிறதா? வடமாநிலத் தொழிலாளர்களை இங்கே அடிக்கிறார்கள் என்று பொய் வீடியோ பரவியது. லைன் வீடுகளில் இருந்தவர்கள் பையைத் தூக்கிக்கொண்டு ரயில்வே ஸ்டேஷனுக்கு ஓடினார்கள். அப்போது எத்தனை வண்டி வந்தது! போலீஸ், வருவாய்த்துறை, இந்தியில் பேசி வீடியோ, உதவி எண், துண்டறிக்கை. பீகார் அரசு அனுப்பிய அதிகாரிகள் குழு திருப்பூருக்கே வந்து பார்த்துவிட்டுப் போனது. நீங்கள் எங்கள் விருந்தாளி, பயப்படாதீர்கள் என்று வீதி வீதியாகச் சொன்னார்கள். எங்கள் ஊரில் அந்தக் கூட்டத்தை எங்கே போட்டார்கள் தெரியுமா? மாரியம்மன் கோயில் முன்னால், மொட்டை வெயிலில். உட்கார வைத்துப் பேச ஒரு கூரை இல்லை. “இந்த ஊருக்கு ஒரு ஹால் வேணும்” என்று அன்றைக்கு அவர்களே சொன்னார்கள். அந்த வார்த்தையை நம்பித்தான் நாங்கள் வசூலையே ஆரம்பித்தோம்.

அதுக்கும் மேலே ஒன்று இருக்கிறது. போன மழைக்காலத்தில் லைன் வீட்டில் ஒருவர் இறந்துவிட்டார். நடுவயசு, நெஞ்சுவலி. ஆஸ்பத்திரியிலிருந்து உடம்பைக் கொண்டுவந்தார்கள். வீட்டுச் சொந்தக்காரர் உள்ளே வைக்க விடவில்லை, மற்றவர்கள் குடியிருக்க மாட்டார்கள் என்று. ஒடிசாவுக்குக் கொண்டுபோக வண்டி பேசி, பணம் திரட்டி, பேப்பர் வாங்குகிற வரைக்கும் அந்த உடம்பு எங்கே இருந்தது? மளிகைக்கடை வாசலில், கட்டிலில், மேலே ஒரு நீலத் தார்ப்பாய். தூறல் விழ விழ இறந்தவரின் மனைவி தார்ப்பாயின் ஒரு முனையைக் கையில் பிடித்துக்கொண்டே நின்றாள். முகத்தில் தண்ணீர் படக் கூடாதாம். எங்கள் வீதிப் பெண்கள் மாற்றி மாற்றிப் பிடித்தார்கள். தெலுங்கு பேசுகிற வீட்டிலிருந்து டீ வந்தது, பேக்கரிக்காரர் கடையை அடைத்துவிட்டு வண்டிக்கு அலைந்தார். அன்றைக்கு யாரும் யாரையும் எந்தச் சமூகம் என்று கேட்கவில்லை.

கல்யாண மண்டபத்துக்குப் போக வேண்டியதுதானே என்று சிலர் சொல்வார்கள். நம்ம பக்கம் மண்டபத்துக்கா பஞ்சம்? ஒவ்வொரு சமூகத்துக்கும் ஒன்று, ரோட்டோரம் முழுக்க. வாடகையைக் கேட்டுப் பாருங்கள். அப்புறம் யாருக்குக் கொடுப்பார்கள், யாருக்குத் தேதி இல்லை என்பார்கள் என்றும் கேட்டுப் பாருங்கள்.

வேறு நிதியில் முயற்சி பண்ணலாமே என்றும் அறிவுரை. பண்ணாமலா இருந்தோம்? எம்.பி. நிதி வருஷத்துக்கு 5 கோடி, அது 2011-12லிருந்து அப்படியே நிற்கிறது. ஆறு சட்டமன்றத் தொகுதிக்கு அதைப் பிரித்துப் பாருங்கள். நடுவில் கொரோனா என்று 2020இல் நிறுத்தியும் வைத்தார்கள். எம்.எல்.ஏ. நிதி 3 கோடி. பள்ளிக்கூடச் சுற்றுச்சுவர், தண்ணீர்த் தொட்டி, ரேஷன் கடை என்று அதற்கு முன்னால் ஊரே வரிசையில் நிற்கிறது. பிரதம மந்திரி ஜன் விகாஸ் காரியக்ரம் என்று ஒன்று இருக்கிறது. அதில் ‘சத்பாவ் மண்டபம்’ கட்டலாம், மத்திய அரசு 60, மாநில அரசு 40 சதவீதம். ஆனால் அது முஸ்லிம், கிறிஸ்தவர், சீக்கியர், பௌத்தர், பார்சி, சமணர் என்று ஆறு மதச் சிறுபான்மையினர் நிறைய இருக்கிற இடத்துக்கு. வேண்டியதுதான், அவர்களுக்கு அது கிடைக்கட்டும். எங்களை மாதிரி நாலு மாநிலம், நாலு பாஷை, எல்லாச் சாதியும் கலந்து கிடக்கிற வீதி எந்த வாசலில் போய் நிற்பது? தனித்தனியாகப் பிரிந்து நின்று கேட்டால் ஒவ்வொருவருக்கும் ஏதோ ஒரு வழி இருக்கிறது. சேர்ந்து போய்க் கேட்டால் ஃபைல் திரும்பி வருகிறது.

இந்த நமக்கு நாமே திட்டம் 1997-98இல் வந்தது. 2011இல் ஆட்சி மாறியதும் தன்னிறைவுத் திட்டம் என்று வந்தது. 2021இல் ஆட்சி மாறியதும் மறுபடியும் நமக்கு நாமே. பேர் மாறுகிற ஒவ்வொரு முறையும் போர்டு மாறுகிறது. அந்த மேஜை மாறவில்லை. நாங்கள் லிஸ்ட்டைத் திருத்திக் கொண்டுபோவதற்குள் பொதுப்பணித்துறை விலைவிகிதம் மாறிவிடும், எஸ்டிமேட் ஏறும், எங்கள் பங்கு கூடும். யார் வீட்டில் போய் இன்னொரு தரம் கை நீட்டுவது? கொடுத்தவர்களில் பாதிப் பேர் வாரச்சம்பளக்காரர்கள். சனிக்கிழமை சம்பளம் வாங்கிய கையோடு கொடுத்த பணம் அது.

அந்தப் பேர்களை அடிக்க மாட்டோம். ஊரில் கூடிப் பேசியாயிற்று. கலெக்டர் ஆபீஸில் திங்கட்கிழமை மனு நாளில் அதே லிஸ்ட், அதே ஃபைல், பென்சில் கோட்டோடு அப்படியே கொடுக்கப் போகிறோம். தகவல் உரிமைச் சட்டத்தில் தனியாக ஒரு கேள்வியும் எழுதியாயிற்று. வெளிமாநில முகவரி உள்ளவர் பங்களிப்புத் தரக் கூடாது என்று சொல்கிற அரசாணையின் எண், தேதி, நகல் வேண்டும் என்று. இருந்தால் காட்டட்டும்.

அந்த மனு நாளுக்கு எப்படிப் போவது என்று யோசித்தால் இன்னொரு எரிச்சல் வந்து நிற்கிறது. டவுன் பஸ். பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்று 2021 மே மாதத்திலிருந்து விட்டிருக்கிறார்கள், ரொம்ப நல்ல காரியம், அதனால்தான் எங்கள் வீதிப் பெண்கள் எத்தனையோ பேர் வேலைக்கே போகிறார்கள். ஆனால் எங்கள் ஸ்டாப்பில் பெண்கள் மட்டும் நின்றால் வண்டி நிற்பதில்லை. நூறு அடி தள்ளிப் போய் நிறுத்துகிறார்கள், இல்லாவிட்டால் நிறுத்துவதே இல்லை. ஓடிப்போய் ஏறினால் கண்டக்டர் முறைக்கிறார். அதற்கு அரசாங்கம் போக்குவரத்துக் கழகத்துக்குப் பணம் கொடுக்கிறதய்யா! உங்கள் கைக்காசில் நாங்கள் ஒன்றும் பஸ் ஏறவில்லை. திங்கட்கிழமை காலையில் எங்கள் ஸ்டாப்பில் இருபது பெண்கள் ஃபைலோடு நிற்போம். வண்டியை நிறுத்துங்கள்.