செர்வாண்டிஸ் ஜோதிடம் முழுவதையும் கேலி செய்யவில்லை

ஸ்பானிய எழுத்தாளர் செர்வாண்டிஸின் 'டான் குயிக்ஸாட்' ஜோதிடத்தைக் கேலி செய்யும் நாவல் என்று, அதில் வரும் ஒரு நாய்க் கதையைக் காட்டி, உங்கள் கட்டுரை முடிக்கிறது. பாதிதான் சரி.

1615இல் வந்த இரண்டாம் பாகத்தில் அந்த நாய்க் கதை இருப்பது உண்மை. தன் நாய் எத்தனை குட்டி போடும், என்ன நிறம் என்று ஒரு சீமாட்டி கேட்கிறாள். ஜோதிடர் கட்டம் போட்டுப் பார்த்துவிட்டு மூன்று குட்டி, ஒன்று பச்சை, ஒன்று சிவப்பு, ஒன்று கலப்பு என்கிறார். இரண்டே நாளில் நாய் அளவுக்கு மீறித் தின்று செத்துப்போகிறது. அப்படியும் ஊரில் அவருக்குக் கெட்டிக்காரர் என்ற பெயர்!

ஆனால் 1605இல் வந்த முதல் பாகத்தில் கிரிசோஸ்தொமோ என்ற இளைஞனைப் பாருங்கள். ஸ்பெயினின் பல்கலைக்கழக நகரமான சலமாங்காவில் படித்துவிட்டு ஊர் திரும்பியவன். இந்த வருடம் கோதுமை வேண்டாம், பார்லி விதையுங்கள் என்று வானத்தைப் பார்த்துச் சொல்கிறான். கேட்டு நடந்த அப்பாவும் நண்பர்களும் பணக்காரர்களாகிறார்கள். அவன் சொன்னது பொய்த்ததாக நாவலில் எங்கும் இல்லை.

குறி சொல்வதற்கும் விவசாயத்துக்காக வானம் பார்ப்பதற்கும் உள்ள இந்த வேறுபாடு அக்காலத்துச் சட்டத்திலேயே இருந்தது. 1586இல் போப் ஐந்தாம் சிக்ஸ்டஸ் மனிதர்களின் எதிர்காலத்தைக் கணிப்பதைத் தடை செய்தார். விவசாயம், கடற்பயணம், மருத்துவம் மூன்றுக்கும் விலக்கு அளித்தார்.

ஸ்பானிய நாடக ஆசிரியர் கால்டெரோனின் 'வாழ்க்கை ஒரு கனவு' நாடகத்தையும் உங்கள் கட்டுரையில் சேர்த்திருக்கலாம். பிறந்த மகன் கொடுங்கோலன் ஆவான் என்று கிரகங்களைக் கணித்த அரசன் அவனைக் கோபுரத்தில் அடைக்கிறான். அந்தச் சிறைதான் அவனை மூர்க்கனாக்கியது என்றே நான் வாசிக்கிறேன். அடுத்த கட்டுரையில் இதை எழுதுங்கள்.