யாருக்குக் கொடுத்தீர்கள் எச்சரிக்கை?

ஒவ்வொரு பேரிடர் முடிந்ததும் தொலைக்காட்சியில் அதே சண்டை ஆரம்பித்துவிடுகிறது. "நாங்கள் முன்பே எச்சரித்தோம்" என்று ஒரு தரப்பு. "நீங்கள் சொன்னது ஒன்று, நடந்தது வேறு" என்று இன்னொரு தரப்பு. ஆட்கள் மாறுகிறார்கள், கட்சிகள் இடம் மாறி உட்காருகின்றன, வசனம் மட்டும் மாறுவதில்லை.

2017 நவம்பரில் ஒக்கி புயல் வந்தபோது, 29ஆம் தேதியே கடலுக்குப் போக வேண்டாம் என்று சொன்னோம் என்றது வானிலைத் துறை. புயல் என்ற தகவல் 30ஆம் தேதிதான் வந்தது என்றது கேரள அரசு. 2023 டிசம்பரில் தூத்துக்குடியும் நெல்லையும் மூழ்கின. சொன்னதைவிடப் பல மடங்கு பெய்துவிட்டது என்றது மாநில அரசு. 12ஆம் தேதியே எச்சரித்தாகிவிட்டது என்றார் ஒன்றிய நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன். 2024 ஜூலை 30 அதிகாலையில் வயநாட்டில் முண்டக்கையும் சூரல்மலையும் மண்ணோடு போயின. 23ஆம் தேதி முதலே எச்சரித்தோம் என்று நாடாளுமன்றத்தில் அமித் ஷா சொன்னார். மலை சரியும்வரை ஆரஞ்சு எச்சரிக்கைதான் இருந்தது, சிவப்பு எச்சரிக்கை அதற்குப் பிறகுதான் வந்தது என்று அன்றே பினராயி விஜயன் பதில் சொன்னார்.

இதில் யார் சொன்னது சரி என்று தேதி தேதியாக வாதாட நான் வரவில்லை. எனக்குக் கோபம் வருவது வேறு இடத்தில். இந்தச் சண்டையில் இரண்டு பக்கமும் பேசுவது ஒரு அலுவலகத்திலிருந்து இன்னொரு அலுவலகத்துக்குப் போன காகிதத்தைப் பற்றித்தான். ஆற்றங்கரைத் தெருவில் படுத்திருந்த மனுஷிக்கு அது போய்ச் சேர்ந்ததா, சேர்ந்திருந்தால் அவருக்கு என்ன புரிந்தது, புரிந்திருந்தால் அந்த நேரத்தில் அவர் எங்கே போயிருக்க முடியும்? இந்தக் கேள்விகளை எந்த விவாதத்திலும் யாரும் கேட்பதில்லை.

முதலில் மொழியைப் பார்ப்போம். 24 மணி நேரத்தில் 12 முதல் 20 சென்டிமீட்டர் வரை பெய்தால் மிகக் கனமழை. அதற்கு மேல் போனால் அதி கனமழை, சிவப்பு எச்சரிக்கை. சரி. அதற்கும் மேலே? ஒன்றும் கிடையாது. 21 சென்டிமீட்டருக்கும் அதே பெயர், 95 சென்டிமீட்டருக்கும் அதே பெயர். 2023 டிசம்பர் 18 காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் காயல்பட்டினத்தில் பெய்தது சுமார் 95 சென்டிமீட்டர். அந்த மாவட்டத்தில் ஓராண்டு முழுக்கப் பெய்கிற மழையைவிட அதிகம். அவ்வளவு மழையைத் துல்லியமாக முன்கூட்டிச் சொல்வது இன்றைய அறிவியலுக்குக் கஷ்டம் என்பதை ஏற்றுக்கொள்கிறேன். வானிலை விஞ்ஞானிகளைத் திட்டுவதில் எனக்கு விருப்பமில்லை. ஆனால் பெய்ய ஆரம்பித்த பிறகு, ஆறு ஏற ஆரம்பித்த பிறகு, கீழே இருக்கிற ஊருக்குச் சொல்ல எந்த அறிவியலும் தடையாக இல்லையே.

தாமிரபரணிக் கரையில், ஏரல் பக்கத்தில் எங்கள் சித்தி வீடு இருக்கிறது. அந்த டிசம்பர் 17 ஞாயிற்றுக்கிழமை ராத்திரி சித்தியை எழுப்பியது பக்கத்து வீட்டுப் பையன். அவனுக்கு ஆற்றுக்கு மேலே கருங்குளம் பக்கத்திலிருந்து ஒரு கூட்டாளி போன் பண்ணியிருக்கிறான், "எங்க ஊருல ரோட்டு மேல ஆறு போகுது, இன்னும் கொஞ்ச நேரத்துல உங்களுக்கு வந்துரும்" என்று. பையன் தெரு முழுக்கக் கதவைத் தட்டி, "பெரியம்மா, எதையும் எடுக்காதீங்க, மச்சுக்கு ஏறுங்க" என்று எல்லாரையும் ஒரு மாடி வீட்டில் ஏற்றிவிட்டான். சித்தியிடமும் செல்போன் இருக்கிறது. அதில் அன்று காலையே ஒரு குறுஞ்செய்தி வந்து கிடந்தது. மாவட்டத்தில் ஓரிரு இடங்களில் மழைக்கு வாய்ப்பு என்று. அப்படிச் செய்தி மழைக்காலம் முழுக்க வந்துகொண்டேதான் இருக்கும். அதைப் பார்த்து யாரும் ஆட்டை அவிழ்த்துக்கொண்டு மேட்டுக்குப் போக மாட்டார்கள். அந்தப் பையன் சொன்னதில் மூன்று விஷயம் இருந்தது. தண்ணீர் எங்கே வந்துவிட்டது, எப்போது இங்கே வரும், இப்போது நீ எங்கே போக வேண்டும். அவ்வளவுதான் எச்சரிக்கை.

அப்புறம் செல்போன் கோபுரங்கள் படுத்துவிட்டன. சித்தி இருக்கிறாரா இல்லையா என்று தெரியாமல் நாங்கள் தவித்த தவிப்பை இங்கே எழுதி முடியாது.

மழைக்கணக்கில் இருக்கும் அதே சிக்கல் அணைக்கணக்கிலும் இருக்கிறது. 2015 டிசம்பர் 1ஆம் தேதி செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து விநாடிக்கு 29,000 கனஅடி திறக்கப்பட்டது. 2024 டிசம்பர் 2 அதிகாலை சாத்தனூர் அணையிலிருந்து 1.68 லட்சம் கனஅடி. கனஅடி என்பது பொறியாளருக்குப் புரியும், நீர்வளத் துறைப் பதிவேட்டுக்குப் புரியும். ஒரு கனஅடி என்றால் சுமார் 28 லிட்டர் என்று எனக்கும் தெரியும். ஆனால் 29,000 கனஅடி வந்தால் சென்னை ஜாபர்கான்பேட்டையில் என் வீட்டு வாசல்படியைத் தொடுமா, ஜன்னலைத் தொடுமா? அதை எனக்கு யார் சொல்வது? எத்தனை கனஅடி வந்தால் எந்தத் தெருவில் எத்தனை அடி நிற்கும் என்று வரைபடம் போடுகிற வசதி இன்று இருக்கிறது. அதைக் கோப்புக்குள் வைத்துப் பூட்டாமல், தெருமுனை மின்கம்பத்தில் ஒரு கோடு கிழித்துக் காட்டினால் போதும். "இத்தனை திறந்தால் தண்ணீர் இதுவரை வரும்." படிக்கத் தெரியாதவருக்கும் புரியும்.

சாத்தனூர் விஷயத்தில் ஐந்து முறை எச்சரிக்கை கொடுத்த பிறகுதான் தண்ணீர் திறந்தோம் என்று அரசு சொன்னது. கொடுத்திருப்பார்கள், நான் மறுக்கவில்லை. ஆனால் தென்பெண்ணைக் கரையில் இருந்தவர்கள் தூக்கத்திலிருந்து எழுந்து பார்த்தது கட்டிலுக்கடியில் தண்ணீரை. அடுத்த நாள் விழுப்புரம் மாவட்டம் இருவேல்பட்டில் அப்போது அமைச்சராக இருந்த பொன்முடி மீது சேறு வீசினார்கள். அப்படி வீசியதை நான் ஆதரிக்கவில்லை, யார் மீதும் வீசக்கூடாது. அதற்குப் பின்னால் எந்தக் கட்சி என்று ஆராய்ந்த ஊடகங்கள், "உங்களுக்கு எத்தனை மணிக்கு, யார் வந்து சொன்னார்கள்?" என்று அந்த ஊர்க்காரர்களிடம் வரிசையாகக் கேட்டு எழுதியிருந்தால் நமக்குப் பிரயோஜனமாக இருந்திருக்கும். ஐந்து எச்சரிக்கையும் எந்த ஊர் வரைக்கும் போய் நின்றன என்று அப்போது தெரிந்திருக்கும்.

ஒக்கி இன்னும் கொடுமை. குமரி மாவட்டத்தில் தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை பக்கம் இருப்பவர்கள் ஆழ்கடல் மீன்பிடிக்காரர்கள். போனால் வாரக்கணக்கில் கடலில்தான். "கடலுக்குப் போகாதீர்கள்" என்ற அறிவிப்பு, ஏற்கெனவே போனவனுக்கு எந்த உதவியும் செய்யாது. கரையில் இருந்த பெண்களுக்குப் புயல் என்று தெரிந்துவிட்டது. படகில் இருந்தவர்களுக்குச் சொல்ல வழியில்லை, அவர்களிடம் இருந்த வயர்லெஸ் அவ்வளவு தூரம் எட்டாது. போனவர்கள் திரும்பவில்லை என்றதும் டிசம்பர் 7ஆம் தேதி ஆயிரக்கணக்கில் குழித்துறை ரயில் நிலையத்தில் போய் உட்கார்ந்தார்கள். தேடுங்கள், எங்களையும் கூட்டிக்கொண்டு போய்த் தேடுங்கள் என்று.

துறைமுகங்களில் ஏற்றுகிற புயல் எச்சரிக்கைக் கூண்டுகள் மொத்தம் 11. பத்தாம் எண் பெரிய அபாயம் என்பது பலருக்குத் தெரியும். பதினொன்று என்ன? வானிலை மையத்துடன் தகவல் தொடர்பு அறுந்துவிட்டது என்று அர்த்தம். தகவல் வராமல் போனதையே ஆபத்தின் உச்சமாக எடுத்துக்கொள் என்கிறது அந்த விதி. எவ்வளவு அனுபவம் இருந்தால் இப்படி ஒரு விதி எழுதியிருப்பார்கள்! நம்முடைய ஊர்களுக்கு அப்படி ஒரு விதி இல்லை. கோபுரம் விழுந்து, மின்சாரம் போய், போன் செத்துவிட்டால், "அந்தப் பக்கம் பேச்சே இல்லை, உடனே ஆள் அனுப்பு" என்று யாரும் பதறுவதில்லை. பதில் வராத ஊரில் பிரச்சினையும் இல்லை என்று கணக்கு ஓடுகிறது. 2023இல் தாமிரபரணிக் கரையில் பல ஊர்களின் கதி அதுதான்.

தண்டோரா போடும் வழக்கத்தைத் தமிழக அரசு 2022 ஆகஸ்டில் தடை செய்தது. அதை முழுமனதோடு ஆதரிக்கிறேன். ஒரு சாதியைச் சேர்ந்தவரைக் கூப்பிட்டுப் பறையைக் கொடுத்து ஊரைச் சுற்றி நடக்கவிட்ட இழிவு எப்போதோ போயிருக்க வேண்டும். வண்டியில் ஒலிபெருக்கி கட்டிச் சொல்லுங்கள் என்றது அந்த உத்தரவு. நல்லது. என் கேள்வி, ராத்திரி இரண்டு மணிக்கு அந்த வண்டி எங்கே நிற்கிறது? டீசல் இருக்கிறதா? ஓட்டுநர் அதே ஊர்க்காரரா? மழையில் பாதை மூழ்கினால், வண்டி நுழையாத காலனித் தெருவுக்கு யார் நடந்து போய்ச் சொல்வது? பெரும்பாலும் அந்தத் தெருதான் பள்ளத்தில் இருக்கிறது, முதலில் மூழ்குவதும் அதுதான்.

முடியாத காரியத்தை நான் கேட்கவில்லை. 2004 டிசம்பர் 26 சுனாமி அன்று, எந்த அரசு எச்சரிக்கையும் வராத அந்தக் காலையில், புதுச்சேரிக் கடற்கரையில் நல்லவாடு என்ற ஊர் பிழைத்தது. சிங்கப்பூரில் வேலை பார்த்த ஊர்க்காரர் ஒருவர் செய்தியைப் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போன் செய்தார். ஊரில் எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் வைத்திருந்த அறிவு மையம் பூட்டிக் கிடந்தது. கதவை உடைத்து உள்ளே போய், மீனவர்களுக்கு அலை நிலவரம் சொல்ல வைத்திருந்த ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். 3,600 பேருக்கு மேல் இருந்த ஊர். வீடுகள் போயின, படகுகள் போயின, ஆட்கள் தப்பினார்கள்.

தனி ஊர் என்று தள்ள வேண்டாம், ஒரு மாநிலமே இதைச் செய்திருக்கிறது. 1999 பெரும்புயலில் ஒடிசாவில் இறந்தவர்கள் சுமார் 10,000 பேர். 2019இல் ஃபானி புயலுக்கு முன் 12 லட்சம் பேரை அங்கே அப்புறப்படுத்தினார்கள். சாவு சில பத்துகளில் நின்றது. இரண்டு புயலுக்கும் இடையிலான இருபது ஆண்டுகளில் அவர்கள் கடற்கரை நெடுகப் புயல் பாதுகாப்பு மையங்கள் கட்டினார்கள், கிராமத்துக்குக் கிராமம் ஆட்களைப் பயிற்றுவித்தார்கள், ஒத்திகை பார்த்தார்கள். ஏழை மாநிலம் என்று நாம் பேசுகிற ஒடிசாதான் இதைச் செய்தது.

"சொன்னாலும் ஜனங்கள் போக மாட்டார்கள்" என்று அதிகாரிகள் சொல்வதைக் கேட்டிருக்கிறேன். போன தடவையும் இப்படித்தான் சொன்னீர்கள், ஒன்றும் வரவில்லை என்று மக்கள் மறுப்பது உண்மைதான். சிவப்பு எச்சரிக்கை என்றால் நகரத்தில் நமக்கு முதலில் வருகிற கேள்வியே "நாளைக்கு ஸ்கூல் லீவா?" என்பதுதான். ஆனால் போக மறுக்கிறவரிடம் உட்கார்ந்து பேசிப் பாருங்கள். ஆட்டை எங்கே கட்டுவது? பீரோவில் இருக்கிற அடமானச் சீட்டும் ரேஷன் கார்டும் என்ன ஆகும்? வயசுப் பெண்ணைக் கூட்டிக்கொண்டு ஒரே கழிப்பறை உள்ள பள்ளிக்கூடத்தில் எப்படி ராத்தங்குவது? படுக்கையில் கிடக்கிற மாமியாரை யார் தூக்குவது? ஒவ்வொன்றும் நியாயமான கேள்வி. இவற்றுக்குப் பதில் வைத்திருக்கிற முகாமுக்கு மக்கள் வருவார்கள். தண்ணீர் வந்த பிறகு நிவாரணம் 6,000 ரூபாயா, 2,000 ரூபாயா என்று சண்டை போடுகிற நேரத்தில் பாதியை இதற்குச் செலவிட்டால் போதும்.

முதல்நிலைப் பொறுப்பாளர்கள் என்று ஒரு பட்டியல் வருவாய்த் துறையிடம் இருக்கிறது. பேரிடர் என்றால் உங்கள் ஊரில் முதலில் ஓடிவர வேண்டியவர்கள். அதில் உங்கள் ஊர்க்காரர் யார் பெயர் இருக்கிறது என்று உங்களுக்குத் தெரியுமா? நான் விசாரித்த வரையில் ஊரில் யாருக்கும் தெரியவில்லை.

அக்டோபர் 2ஆம் தேதியும் நவம்பர் 1ஆம் தேதியும் கிராமசபை நாட்கள். இரண்டும் வடகிழக்குப் பருவமழையை ஒட்டியே வருகின்றன. இந்தப் பதிவைப் படிக்கிற ஊர்க்காரர்கள் அங்கே போய்க் கேளுங்கள். அந்தப் பட்டியலைச் சபையில் சத்தமாக வாசிக்கச் சொல்லுங்கள். நமக்கு மேலே இருக்கிற ஊரில் தண்ணீர் ஏறினால் அங்கிருந்து யார், இங்கே யாருக்குப் போன் செய்வார்கள்? போன் வேலை செய்யாவிட்டால் யார் வருவார்கள்? முகாமாக அறிவித்திருக்கிற கட்டடத்தின் சாவி ராத்திரி யார் வீட்டில் இருக்கிறது? பதில் எதுவாக இருந்தாலும் தீர்மானப் புத்தகத்தில் எழுதவைத்துக் கையெழுத்து வாங்குங்கள். நாளைக்கு யாராவது டிவியில் உட்கார்ந்து "எச்சரிக்கை கொடுத்தோம்" என்று சொன்னால், அந்தப் பக்கத்தைப் படம் எடுத்து இங்கே போடுங்கள். நானும் பகிர்கிறேன்.