ராஜினாமாவுக்கு ஏது நல்ல நாள்?

காரைக்குடியில் ஆடிட்டர் அலுவலகத்தில் வேலை பார்க்கும் என்னைப் போன்றவன் ராஜினாமாக் கடிதம் கொடுக்க நினைத்தால், பஞ்சாங்கத்தில் நாள் கிடைத்தாலும் வரிக் காலண்டரில் கிடைப்பதில்லை. ஜூலை 31 வருமான வரிக் கணக்கு, செப்டம்பர் 30 தணிக்கை அறிக்கை, டிசம்பர் 31 ஜிஎஸ்டி ஆண்டுக் கணக்கு என்று வரிசை கட்டி நிற்க, இடையில் மாதந்தோறும் ஜிஎஸ்டி கணக்குக்கான 11ஆம் தேதியும் 20ஆம் தேதியும் வேறு. போதாக்குறைக்கு, 2025இல் ஜூலைக் கெடுவைச் செப்டம்பருக்குத் தள்ளியதில் (சலுகையாம்!) இரண்டு சுமையும் ஒரே மாதத்தில் வந்து விழுந்தன. அது முடியட்டும் என்று பொறுத்தால் தீபாவளி போனஸ் கண்ணில் ஆடுகிறது. அதை வாங்கிக்கொண்டு மறுநாளே கடிதத்தை நீட்ட மனம் கூசுகிறது. மஞ்சப்பை நிறையப் பில்களைக் கடைசி வாரத்தில் கொண்டுவந்து கொட்டும் கடைக்காரரை ஒரு வார்த்தை கேட்காத முதலாளி, என்னிடம் மட்டும், “இந்த சீசனை முடித்துக் கொடுத்துவிட்டுப் போங்கள், தம்பி” என்கிறார்.